ஐந்து டாலர் டிக்கெட்டும் ஆன்டி-ராக்ஸ்டாரும்

கேள்வி இது: ராக் இசையில் சிலரை ‘ஆன்டி-ராக்ஸ்டார்’ என்கிறார்களே, பழைய சட்டை, வாராத தலை, பேட்டி என்றாலே முகம் சுளிப்பது, இவ்வளவுதானா அது? நிஜமாகவே அப்படி நடந்துகொண்ட குழுக்கள் உண்டா? உண்டென்றால் எதில் தொடங்கிக் கேட்பது?

சட்டையை வைத்து முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம். 1992 ஏப்ரலில் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழின் அட்டைப்படத்தில் நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் அணிந்திருந்த டி-சர்ட்டில், கார்ப்பரேட் பத்திரிகைகள் இன்னமும் படு மட்டம் என்ற பொருளில் கையால் எழுதிய வாசகம் இருந்தது. திட்டு வாங்கிய பத்திரிகையே அதை அட்டையில் போட்டுக் கடைக்கு அனுப்பியது. கோபேனின் கோபம் நடிப்பு என்று சொல்ல வரவில்லை. கோபத்தையும் பொட்டலம் கட்டி விற்கத் தெரிந்த தொழில் அது. அதனால் ஒரு குழு எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதன் வரவு செலவைப் பார்க்க வேண்டும். டிக்கெட் விலையை யார் வைத்தார்கள், லேபிளோடு, அதாவது இசையை வெளியிடும் நிறுவனத்தோடு, என்ன ஒப்பந்தம், பாட்டுக்கு வரும் பணம் யார் யாருக்குப் போனது? மேடையில் என்ன செய்தார்கள் என்பதெல்லாம் இதற்குப் பிறகு வருகிற சங்கதி.

முதலில் வழக்கமான பாதையின் கணக்கு. அது புரிந்தால்தான் மறுத்தவர்கள் எதை மறுத்தார்கள் என்று தெரியும். சிகாகோவின் ஒலிப்பதிவாளர் ஸ்டீவ் ஆல்பினி 1993-இல் ‘தி பாஃப்லர்’ இதழில் எழுதிய கட்டுரையில் இதைப் பைசா சுத்தமாகப் போட்டுக் காட்டினார். ஒரு கற்பனைக் குழு பெரிய லேபிளில் கையெழுத்துப் போடுகிறது. அட்வான்ஸ் 2,50,000 டாலர். ஆல்பம் 2,50,000 பிரதிகள் விற்கிறது. கடை விலையில் மொத்தம் 30 லட்சம் டாலர். எந்தப் புதுக் குழுவுக்கும் இது பெரிய வெற்றி. விற்பனையில் குழுவுக்கு வரும் பங்கான ராயல்டி 13 சதவீதம், ஆனால் விற்றதில் 90 சதவீதத்துக்குத்தான் அது கிடைக்கும். மீதி 10 சதவீதம், இசைத்தட்டுகள் வண்டியில் போகும்போதே உடைந்துபோன காலத்தில் ‘சேதாரம்’ என்று பிடித்த கழிவு. சிடி வந்த பிறகும் அந்த வரி ஒப்பந்தத்தை விட்டுப் போகவில்லை. ஆக ராயல்டி 3,51,000 டாலர். இதில் அட்வான்ஸ் 2,50,000 கழியும். தயாரிப்பாளருக்கான 3 சதவீதத்தில், அவர் முன்பணமாக வாங்கிய 50,000 போக, இன்னும் 40,000 கழியும். விளம்பரச் செலவு 25,000. குழுவைப் பழைய சிறு லேபிளிடமிருந்து விடுவிக்கக் கொடுத்த 50,000. கூட்டிக் கழித்தால் மைனஸ் 14,000. கால் மில்லியன் ஆல்பம் விற்ற குழு லேபிளுக்கு 14,000 டாலர் பாக்கி வைத்திருக்கிறது!

அதே கணக்கில் லேபிளுக்கு 7,10,000, தயாரிப்பாளருக்கு 90,000, ஸ்டுடியோவுக்கு 52,500, மேனேஜருக்கு 51,000. டூர், டி-சர்ட், பதிப்புரிமை அட்வான்ஸ் எல்லாம் சேர்த்தும் குழுவில் ஆளுக்குக் கிடைப்பது 4,031 டாலர் 25 சென்ட். இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. அட்வான்ஸ் என்பது சம்பளம் கிடையாது, கடன். அந்தக் கடன் முழுவதும் குழுவின் 13 சதவீதத்திலிருந்துதான் அடைகிறது, லேபிளின் பங்கிலிருந்து ஒரு காசு கழியாது. அதனால்தான் லேபிள் லட்சக்கணக்கில் லாபம் பார்த்த பிறகும் குழு கடன்காரனாகவே நிற்கிறது. ராக்ஸ்டாரின் லிமோசினும் நட்சத்திர ஓட்டலும் பல சமயம் அவர் பணத்திலேயே அவருக்குக் காட்டிய வேடிக்கை.

ஆல்பினி எழுதியதோடு நிற்கவில்லை. நிர்வாணா தன் அடுத்த ஆல்பமான ‘இன் யூட்டரோ’வைப் பதிவு செய்ய அவரைக் கேட்டபோது, தனக்கு ராயல்டி வேண்டாம் என்று கடிதத்திலேயே சொல்லிவிட்டார். ஒரு பாயின்ட் (அதாவது ஒரு சதவீத ராயல்டி), ஒன்றரை பாயின்ட் நான் கேட்பேன் என்று லேபிள் எதிர்பார்க்கும், 30 லட்சம் பிரதி விற்றால் அது 4,00,000 டாலர் அளவுக்கு வரும், அவ்வளவு பணத்தை நான் தொட மாட்டேன், பிளம்பருக்குக் கொடுப்பதுபோலச் செய்த வேலைக்குக் கூலி கொடுங்கள் என்பது அதன் சாரம். கூலி 1,00,000 டாலர். 1993 பிப்ரவரியில் மினசோட்டா மாநிலத்தில் கேனன் ஃபால்ஸ் என்ற சிற்றூரின் பாக்கிடெர்ம் ஸ்டுடியோவில், சைமன் ரிச்சி குரூப் என்ற பொய்ப் பெயரில் முன்பதிவு செய்து, இரண்டு வாரத்துக்குள் வேலையை முடித்தார்கள். லேபிளுக்கு ஒலி பிடிக்கவில்லை. இழுபறிக்குப் பிறகு ‘ஹார்ட்-ஷேப்டு பாக்ஸ்’, ‘ஆல் அபாலஜீஸ்’ இரண்டையும் தயாரிப்பாளர் ஸ்காட் லிட் மறுபடி மிக்ஸ் செய்தார். ஆல்பினியின் நாணயம் அப்பழுக்கற்றது, ஆனால் கடைசி முடிவு அவர் கையிலோ குழுவின் கையிலோ முழுதாக இல்லை. கூலியை மாற்றலாம், உரிமை லேபிளிடம் இருக்கும்வரை அந்த இழுபறி வரத்தான் செய்யும்.

அந்த உரிமையைக் கையைவிட்டுப் போகவிடாத குழு என்றால் என் பட்டியலில் முதல் பெயர் வாஷிங்டன் டி.சி.யின் ஃபுகாசி. இயன் மெக்காய் கிட்டாரும் குரலும், ஜோ லாலி பேஸ் (கீழ்ச்சுருதி கிட்டார்), பிரெண்டன் கேன்ட்டி டிரம்ஸ், சற்றுப் பின்னால் வந்து சேர்ந்த கீ பிச்சியோட்டோ முதலில் வெறும் குரல், பிறகு கிட்டார். முதல் நிகழ்ச்சி 1987 செப்டம்பரில், கடைசி 2002 நவம்பரில் லண்டனில். இடையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள். இவர்கள் ஆல்பமெல்லாம் வெளியிட்டது டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ். மெக்காயும் நண்பர்களும் 1980-இல், டீன் ஐடில்ஸ் என்ற தங்கள் பள்ளிக்காலக் குழு கலைந்தபோது உண்டியலில் மிஞ்சியிருந்த சில நூறு டாலரைப் போட்டு, அந்தக் குழுவின் ஒரே ஒரு ஏழங்குல இசைத்தட்டை அடிக்கத் தொடங்கிய லேபிள் அது. எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது. அடிக்கிற செலவு போக மிஞ்சுவதில் குழுவுக்குப் பங்கு. அஞ்சல் செலவு சேர்த்த விலையை உறையிலேயே அச்சிட்டார்கள். கடைக்காரர் கூட வைத்து விற்றால் வாங்குபவருக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். இங்கிலாந்தில் கிராஸ் குழு உறைமேல் ‘இதற்கு மேல் கொடுக்காதே’ என்று விலை போட்டதும் இதே வழிதான்.

இனி அந்த ஐந்து டாலர் டிக்கெட். ஃபுகாசி நிகழ்ச்சிக்கு உள்ளே போக அவ்வளவுதான். கேட்டதும் தர்மம் மாதிரித் தெரியும். உள்ளே போய்ப் பார்த்தால் எல்லாம் திட்டமிட்டது. அமெரிக்காவில் 1984-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு மது அருந்தும் வயது எல்லா மாநிலத்திலும் 21 ஆனது. இசை கிளப்புகள் பிழைத்தது பாரில் விற்கிற சரக்கில். அதனால் பல கிளப்புகள் 21-க்குக் கீழே யாரையும் உள்ளே விடவில்லை. ஹார்ட்கோர் பங்க் என்ற வேகமும் ஆவேசமுமான இசையை உருவாக்கியதே பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கே வாசல் அடைப்பு. (கையில் கறுப்பு எக்ஸ் போட்டு, இவருக்கு மது ஊற்றாதே என்று காட்டி உள்ளே விடுகிற வழக்கத்தை 1980-இல் கலிஃபோர்னியாவில் பார்த்து வாஷிங்டனுக்குக் கொண்டுவந்தது டீன் ஐடில்ஸ்தான்.) எல்லா வயதினருக்கும் அனுமதி என்பதை ஃபுகாசி நிபந்தனையாக வைத்ததும் பார் வைத்த கிளப் பலதும் கைநழுவியது. அப்புறம் தேவாலயத்தின் கீழ்த்தளம், பள்ளி ஜிம், சமூகக் கூடம் என்று போக வேண்டும். அங்கே ஒலிபெருக்கி இருக்காது, வாடகைக்கு எடுக்க வேண்டும். காப்பீடு கேட்பார்கள். பார் வருமானம் இல்லாததால் கூடத்து வாடகை முழுவதும் டிக்கெட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும். அதாவது செலவு கூடுகிறது, டிக்கெட் விலையோ ஏறக் கூடாது.

இது எப்படிக் கட்டுப்படியானது? ஒரு மாதிரிக் கணக்கு போடலாம். 800 பேர் வந்தால் 4,000 டாலர். கூடம், ஒலி, காவல் என்று 1,500 போனாலும் 2,500 மிச்சம். அப்படி 25 நிகழ்ச்சி என்றால் 62,500. வழக்கமான குழுவுக்கு இதில் மேனேஜர் 15 சதவீதம் எடுப்பார், புக்கிங் ஏஜென்ட் 10 எடுப்பார், வக்கீல், லைட் லாரி, ஊழியர் பட்டாளம் என்று வரிசையாகக் கை நீளும். ஃபுகாசிக்கு மேனேஜரும் இல்லை, ஏஜென்டும் இல்லை. மெக்காயே தொலைபேசியில் உட்கார்ந்து நிகழ்ச்சிகளைப் பேசி முடித்தார். ஒரு வேன், கூட இரண்டொருவர். நடுவில் கை நீட்டுகிறவர்களைக் குறைத்தால் ஐந்து டாலரிலேயே நாலு பேர் கௌரவமாக வாழலாம் என்பதுதான் அதன் ரகசியம். சொந்த ஊர் வாஷிங்டனில் வாசித்ததெல்லாம் பெரும்பாலும் இலவச நிகழ்ச்சி, நிதி திரட்டும் நிகழ்ச்சி, போராட்டம். வளைகுடாப் போர் தொடங்கும் தறுவாயில், 1991 ஜனவரி 12 அன்று, வெள்ளை மாளிகைக்கு எதிரே லாஃபயெட் பூங்காவில் கடுங்குளிரில் வாசித்தார்கள்.

விலை குறைந்தால் இன்னொரு வசதியும் கிடைக்கிறது. கூட்டத்தில் யாராவது அடுத்தவர் தலைமேல் குதித்து, முழங்கையால் இடித்து ஆடினால் ஃபுகாசி பாட்டைப் பாதியில் நிறுத்திவிடும். மெக்காய் மைக்கில் அந்த ஆளைப் பார்த்து, சார், கொஞ்சம் நிறுத்துங்கள் என்கிற தோரணையில் மிக மரியாதையாகப் பேசுவார். அந்த மரியாதைதான் ஆளைக் கூசவைக்கும். கேட்கவில்லையா, ஐந்து டாலர் வைத்த உறை தயாராக இருக்கும். பணத்தைக் கையில் கொடுத்து வாசலுக்கு வழி காட்டுவார்கள். டிக்கெட் ஐம்பது டாலராக இருந்தால் இதைச் செய்ய முடியாது. அவ்வளவு கொடுத்தவர் சண்டைக்கு நிற்பார், ஏற்பாட்டாளர் நஷ்டத்துக்கு அழுவார். மேடையின் அதிகாரம் ஒலிபெருக்கியின் அளவில் இல்லை, திருப்பிக் கொடுக்க முடிகிற தொகையில் இருந்தது.

பாட்டு வரிசை எழுதி வைக்கிற பழக்கமும் இவர்களுக்கு இல்லை. ஒருவர் அடுத்த பாட்டின் முதல் ஸ்வரத்தைத் தொட்டதும் மற்ற மூவரும் பிடித்துக்கொள்ள வேண்டும். சொல்ல எளிது. கேன்ட்டி முந்தைய பாட்டின் கடைசி அடியை இறக்குவதற்குள் புதுப் பாட்டின் தாளம் மனதில் ஏறியிருக்க வேண்டும். இதனால் பாதிக்கப்படுவது லைட் போடுகிறவர்; எந்தப் பாட்டு வரும் என்று தெரியாமல் அவர் எதையும் திட்டமிட முடியாது. ஆகவே பாட்டுக்குப் பாட்டு நிறம் மாறும் லைட் ஷோ தன்னாலே அடிபட்டுப் போகிறது. ஆன்டி-ராக்ஸ்டார் என்றால் மேடையில் உம்மென்று நிற்பது என்று நினைப்பவர்கள் ஜெம் கோஹன் எடுத்த ‘இன்ஸ்ட்ருமென்ட்’ ஆவணப்படத்தைப் (1999) பார்க்க வேண்டும். 1988-இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு ஜிம்மில் பிச்சியோட்டோ கூடைப்பந்து வளையத்துக்குள் காலை நுழைத்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பாடுவது அதில் இருக்கிறது. அடக்க ஒடுக்கம் என்று எதையும் அவர்கள் கொள்கையாக வைத்துக்கொள்ளவில்லை.

ஃபுகாசி டி-சர்ட் விற்காததில்தான் கொஞ்சம் நெருடல். அவர்கள் அச்சடிக்க மறுத்ததும் வேறு யாரோ ‘இது ஃபுகாசி டி-சர்ட் அல்ல’ என்று போட்டு அச்சடித்து விற்றார்கள், அதுவே பிரபலமும் ஆனது. மறுப்புக்கும் சந்தையில் ஒரு விலை வந்துவிடுகிறது. இன்னொன்று, இன்று ஒரு சின்னக் குழு இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றினால் கையைக் கடிக்கும். ஃபுகாசிக்கு இசைத்தட்டும் சிடியும் சொந்த லேபிள் வழியாக விற்று நேரடியாகப் பணம் வந்தது. ஸ்ட்ரீமிங்கில் ஆல்பமே ஏறக்குறைய இலவசமாகப் போகிற காலத்தில், ஊர் ஊராகப் போகிற குழுவின் பெட்ரோல் காசு பல நேரம் டி-சர்ட் மேசையில்தான் கிடைக்கிறது. அதை மறுப்பதைவிட அதன் விலையைக் குறைவாக வைப்பதுதான் இப்போதைக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

இதே பாதையில் ஃபுகாசிக்கு முன்பே நடந்தவர்கள் கலிஃபோர்னியாவின் துறைமுக ஊரான சான் பெட்ரோவின் மினிட்மென். டி. பூன் கிட்டார், மைக் வாட் பேஸ், ஜார்ஜ் ஹர்லி டிரம்ஸ். சிக்கனத்தை இவர்கள் ‘எகானோ’ என்று செல்லமாகச் சொல்வார்கள். ஸ்டுடியோ வாடகை மலிவாகக் கிடைக்கும் நள்ளிரவு நேரத்தைப் பிடிப்பது, ஏற்கெனவே யாரோ பதிவு செய்து கழித்த டேப்பை வாங்குவது, ஆல்பத்தில் பாட்டுகள் வரப்போகிற அதே வரிசையில் வாசித்துவிட்டுப் பிறகு டேப்பை வெட்டி ஒட்டும் செலவை மிச்சம் பிடிப்பது, எல்லாம் அதில் அடக்கம். 1984-இல் வந்த ‘டபுள் நிக்கிள்ஸ் ஆன் தி டைம்’ இரட்டை ஆல்பத்தில் 45 பாட்டு. மொத்தச் செலவு 1,100 டாலர். ஆல்பினியின் கற்பனைக் குழுவுக்கு ஸ்டுடியோ வாடகை மட்டும் 52,500 என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த ஆல்பத்தின் அட்டையே ஒரு நக்கல். அப்போது சாமி ஹேகர் என்ற ராக்ஸ்டார், மணிக்கு 55 மைல் வேகத்தில் தன்னால் வண்டி ஓட்ட முடியாது என்று வீரமாகப் பாடியிருந்தார். அட்டையில் மைக் வாட் தன் ஃபோக்ஸ்வாகன் காரைச் சரியாக 55 மைல் வேகத்தில் ஓட்டிக்கொண்டிருக்கிறார்; முள் 55-இல் நிற்கிறது, பின்னோக்குக் கண்ணாடியில் அவர் கண்கள், எதிரே சான் பெட்ரோவுக்கு வழிகாட்டும் பலகை. சட்டப்படி வண்டி ஓட்டுவோம், இசையில் துணிச்சல் காட்டுவோம் என்பது அர்த்தம். தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொருவர் பாட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். நாலாவது பக்கத்தில் யாரும் எடுக்காமல் மிஞ்சியது போனது. அதற்குப் பெயரே ‘பதர்’.

இதைவிட முக்கியமான ஒன்று காதில் கேட்பது. டி. பூன் தன் டெலிகாஸ்டர் கிட்டாரில் கீழ்ச்சுருதி அலைவரிசைகளைக் குறைத்து, உச்சத்தை மட்டும் விட்டு, கிறீச்சென்று வைத்துக்கொள்வார். சாதாரண ராக் குழுவில் கிட்டார்தான் ராஜா. ஆம்பில் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில்) கீழ்ச்சுருதியையும் நடுச்சுருதியையும் ஏற்றி விட்டால் பேஸ் இருக்கும் இடமே அடைபட்டுப்போகும், பேஸ் வாசிப்பவர் வெறும் நிழலாகிவிடுவார். பூன் அந்த இடத்தைக் காலி செய்து கொடுத்ததால் வாட்டின் பேஸ் கிட்டாருக்குச் சமமாக முன்னால் நின்று பேசுகிறது. மூவருக்கும் சம இடம் என்ற அரசியலை ஆம்பின் டோன் குமிழில் திருகி வைத்தவர் அவர். வீட்டில் ஸ்பீக்கரில் பேஸைக் கூட்டிவைத்துக் கேட்டால் இது பிடிபடாது. ஈக்வலைசரை நேராக வைத்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

எகானோவுக்கு ஒரு கசப்பான பக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இது வெறும் புகழ்பாட்டாகிவிடும். 1985 டிசம்பர் 22 அன்று அரிசோனாவில் வேனின் அச்சு முறிந்து வண்டி புரண்டது. காய்ச்சலோடு பின்பக்கம் படுத்திருந்த டி. பூன் தூக்கி எறியப்பட்டு இறந்தார். வயது 27. வேனில் நெடுந்தூரம் போகிற எந்தக் குழுவும் சீட் பெல்ட் இல்லாத இடத்தில் ஆளைப் படுக்கவைக்கக் கூடாது. மிச்சம் பிடிக்கிற பட்டியலில் வண்டியின் பராமரிப்பை ஒருபோதும் சேர்க்கக் கூடாது.

பணம் பிரிக்கிற விஷயத்தில் ஜார்ஜியா மாநிலம் ஏதென்ஸின் ஆர்.இ.எம். நல்ல உதாரணம், பெரிய லேபிளுக்குப் போன பிறகும். பாட்டை யார் எழுதினாலும் பெர்ரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நாலு பெயரும் அகர வரிசையில், நாலு சம பங்கு. எந்த முடிவையும் தடுக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும். இது ஏன் பெரிய விஷயம் என்றால், பதிப்புரிமைப் பணம் ‘எழுதியவர்’ என்று பதிவானவருக்குத்தான் போகும். ஒரே குழுவில் பாடகர் மாளிகை வாங்குவார், டிரம்மர் வாடகை வீட்டில் இருப்பார். பத்து வருடத்தில் குழு உடையும். நிர்வாணாவில் முதலில் இருந்த சமப் பங்கீட்டை, ‘நெவர்மைண்ட்’ ஆல்பம் ஓடிய பிறகு பின்தேதியிட்டுத் தன் பக்கம் மாற்றச் சொன்னார் கோபேன். எழுதியவர் அவர்தான், கேட்டது அநியாயம் இல்லை. ஆனாலும் குழுவுக்குள் விழுந்த விரிசலில் அதற்கும் பங்கு உண்டு. 1980-களின் முடிவில் இருந்து ஆறு வருடம் போல ஆர்.இ.எம். பெரிய டூர் எதற்கும் போகவில்லை. ‘அவுட் ஆஃப் டைம்’ (1991), ‘ஆட்டோமேட்டிக் ஃபார் த பீப்பிள்’ (1992) இரண்டும் அந்த இடைவெளியில்தான் லட்சக்கணக்கில் விற்றன.

தி கிளாஷ் என்ற பங்க் குழுவைப் பற்றிக் கேட்பீர்கள். 1977-இல் சிபிஎஸ் என்ற பெரிய லேபிளிடம் 1,00,000 பவுண்டுக்குக் கையெழுத்துப் போட்டார்கள், பிறகு ‘சாண்டினிஸ்டா!’ என்ற மூன்று தட்டு ஆல்பத்தை (1980) மலிவு விலைக்குக் கொடுக்க, பிரிட்டனில் முதல் 2,00,000 பிரதிக்குத் தங்கள் ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். மனசு பெரிதுதான், ஆனால் விட்டுக்கொடுத்தது முழுவதும் குழுவின் பங்கு என்பதைக் கவனியுங்கள். ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழு வேறு ரகம். லேபிள் வீடியோ கேட்டபோது ‘பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்’ பாட்டுக்கு ஒரு ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் கேமரா அசையாமல் காட்டியது. கடைசியில் ஒருவர் அதை எட்டி உதைத்துவிட்டுப் போவார். அது சிரிப்பு வரவைக்கிற வீம்பு, ரசிக்கலாம். அதில் கொள்கை தேடத் தேவையில்லை.

இதெல்லாம் பெரிய அளவில் ஏன் எடுபடவில்லை என்பதற்குப் பேர்ல் ஜாம் குழு சாட்சி. 1994-இல் இவர்கள் டிக்கெட்டை 18 டாலருக்கு, சேவைக் கட்டணம் 10 சதவீதத்துக்குள், அதாவது 1 டாலர் 80 சென்ட்டுக்குள், மொத்தம் 20-ஐத் தாண்டாமல் விற்க நினைத்தார்கள். டிக்கெட் விற்கும் நிறுவனமான டிக்கெட்மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. குழு அமெரிக்க நீதித் துறையில் புகார் கொடுத்தது. அந்த ஜூன் 30 அன்று கிட்டாரிஸ்ட் ஸ்டோன் கோசார்டும் பேஸ் வாசிக்கும் ஜெஃப் அமென்ட்டும் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சி சொன்னார்கள். பிரச்சினை கட்டணத்தில் மட்டும் இல்லை. பெரிய அரங்குகளில் பெரும்பாலானவை டிக்கெட்மாஸ்டரோடு தனி உரிமை ஒப்பந்தம் போட்டிருந்தன, அந்த நிறுவனத்தைத் தவிர்த்தால் அரங்கே கிடையாது. 15,000 பேர் வருகிற குழு தேவாலயக் கீழ்த்தளத்துக்குப் போக முடியாது. கண்காட்சித் திடல், பனிச்சறுக்கு மைதானம் என்று தேடிப் போனால் வேலி, கழிப்பறை, மின்சாரம், போலீஸ் அனுமதி எல்லாவற்றையும் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் போட வேண்டும். 1995 டூர் இதில் சிக்கித் தடுமாறியது. ஜூன் 24-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் பாடகர் எடி வெடர் உடம்பு முடியாமல் ஏழு பாட்டோடு இறங்கிவிட, மிச்சத்தை நீல் யங் வாசித்து முடித்தார். அதை அடுத்து டூர் குலைந்தது. ஜூலையில் நீதித் துறை விசாரணையை மூடியது. 1998-இல் குழு பழைய அரங்குகளுக்கே திரும்பியது. நிகழ்ச்சி நடத்தும் நிறுவனமான லைவ் நேஷனோடு 2010-இல் இணைந்த அதே டிக்கெட்மாஸ்டர்மேல் நீதித் துறை வழக்குப் போட்டது 2024 மே மாதம்தான். முப்பது வருடம் கழித்து!

சிறிய அளவிலும் சறுக்கல் உண்டு. சிகாகோவின் டச் அண்ட் கோ லேபிள், செலவு போக லாபத்தில் பாதிக்குப் பாதி என்று வாய்வார்த்தையாகவே குழுக்களோடு உடன்பட்டது. பெரிய லேபிள் தருவதைவிடப் பல மடங்கு நியாயமான பங்கு. ஆனால் எத்தனை வருடத்துக்கு என்று யாரும் பேசிவைக்கவில்லை. பட்ஹோல் சர்ஃபர்ஸ் குழு பழைய ஆல்பங்களின் உரிமையைத் திருப்பிக் கேட்டு வழக்குப் போட்டது. காலவரையறை இல்லாத ஒப்பந்தத்தை எந்தத் தரப்பும் முடித்துக்கொள்ளலாம் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் குழுவுக்குச் சாதகமாகச் சொன்னது. ஆல்பினி உட்பட பலருக்கு இது துரோகமாகப் பட்டது. யார் பக்கம் நியாயம் என்பது இருக்கட்டும். கைகுலுக்கி ஒப்பந்தம் போடுகிற குழு ‘எத்தனை வருடம், பிரிந்தால் மாஸ்டர் டேப் யாருக்கு’ என்ற இரண்டு வரியையாவது ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவது நல்லது. நட்புக்கு அதனால் குறைவு வராது.

சரி, எதில் தொடங்குவது? ஃபுகாசியின் ‘13 சாங்ஸ்’ (1989), முதல் பாட்டு ‘வெயிட்டிங் ரூம்’. லாலியின் பேஸ் தனியாகத் தொடங்கும், மற்றவர்கள் சேர்வார்கள், பாட்டு சூடு பிடிக்கும்போது சட்டென்று எல்லோரும் நின்றுவிடுவார்கள். பிளேயர் கெட்டுவிட்டதோ என்று முதல்முறை கேட்பவர் கையை நீட்டுவார். அப்போது மறுபடி பேஸ். அடுத்து ‘ரிப்பீட்டர்’ (1990). பிச்சியோட்டோ முழுமையாகக் கிட்டாரோடு வந்த முதல் பதிவு இது. ஒருவர் தாளம், ஒருவர் சோலோ என்று பிரிக்காமல் இரண்டு கிட்டாரும் ஒன்றை ஒன்று மறிப்பதைக் கேளுங்கள். ‘ரெட் மெடிசின்’ (1995), ‘தி ஆர்க்யுமென்ட்’ (2001) இரண்டையும் அப்புறம் கேட்கலாம், அவை பழகப் பழகத்தான் திறக்கும்.

மினிட்மென் ஆல்பத்தை ஒரே மூச்சில் கேட்க வேண்டாம், பக்கம் பக்கமாகக் கேளுங்கள். பெரும்பாலான பாட்டு இரண்டு நிமிடம்கூட வராது. ஆர்.இ.எம்.முக்கு ‘மர்மர்’ (1983): பாடகரின் குரலை மற்ற வாத்தியங்களுக்குள் புதைத்துவிட்டார்கள், கிட்டார் சோலோவைத் தேடினாலும் கிடைக்காது. ஆல்பினியைக் கேட்க அவருடைய சொந்தக் குழுவான ஷெல்லாக், ‘அட் ஆக்‌ஷன் பார்க்’ (1994). இந்தக் குழு மேடையில் டிரம்ஸைப் பின்னால் தள்ளாமல் நடுவில் முன்வரிசையில் வைத்தது, வாத்தியம் சுருதி சேர்க்கிற நேரத்தில் கூட்டத்திடம் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் சொன்னது. ஆல்பினி 2024 மே 7 அன்று இறந்தார். கடைசி ஆல்பம் ‘டு ஆல் டிரெய்ன்ஸ்’ அடுத்த பத்து நாளில் வந்தது.

இதெல்லாம் பிடித்துப்போனால் டிஸ்கார்டின் ஃபுகாசி லைவ் தொகுப்புக்குப் போங்கள். ஒலி பார்த்தவர்கள் கேசட்டிலும் டிஜிட்டல் டேப்பிலும் பிடித்து வைத்த 800-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளை 2011-இலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றியிருக்கிறார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் பரிந்துரை விலை 5 டாலர்; 1 முதல் 100 வரை நீங்களே வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்முன் பக்கத்தில் போட்டிருக்கும் ஒலித்தரக் குறிப்பைப் பாருங்கள், ஆரம்ப வருடத்து கேசட்டுகள் சில இரைச்சலாக இருக்கும். ஒரே டூரில் அடுத்தடுத்த இரண்டு இரவுகளை எடுத்தால் பாட்டு வரிசை எழுதாமல் வாசித்ததன் வித்தியாசம் நன்றாகத் தெரியும். பாட்டுக்கு நடுவே நடக்கும் பேச்சை ஓட்டிவிடாதீர்கள். உறையை எடுத்து நீட்டுகிற சண்டைகள் அங்கேதான் இருக்கின்றன.